அட்ரினோவா, மாலியா: கைப்பேசியின் ஜிபியூவை எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது?

மன்னார்குடியில் படிப்பதாகச் சொல்லும் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் தொகுத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர்க் கடை ஒன்றில் ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு கைப்பேசிகளைப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றில் டைமென்சிட்டி 7200 சிப்பும் மாலி-ஜி610 எம்சி4 ஜிபியூவும் (திரைக்குப் படம் வரையும் செயலி), மற்றொன்றில் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2 சிப்பும் அட்ரினோ 710 ஜிபியூவும் இருக்கின்றன. இணையத்தில் காணும் அன்டுடு என்ற பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனைச் செயலி) எண்கள் முதலாவதை உயர்த்திக் காட்டுகின்றன. கடைக்காரரோ "கேம் என்றால் அட்ரினோதான், மாலி சூடாகிவிடும்" என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார். எது சிறந்த ஜிபியூ என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் குழப்பம் அதற்கு ஒரு படி முன்னாலேயே இருக்கிறது: வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு விதமாக வடிவமைத்த இரண்டு ஜிபியூக்களை எந்த அளவுகோலை வைத்து ஒப்பிடுவது, காணும் எண்களில் எதை நம்புவது என்பதே அது. அதற்குத்தான் பதில் எழுத முயல்கிறேன். பெங்களூரில் கைப்பேசி சிப்களுக்கான வரைகலை டிரைவர்களை (ஜிபியூவை இயக்கும் மென்பொருளை) சோதிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது கும்பகோணத்தில் இருந்தபடி பொறியியல் மாணவர்களுக்கு அதையே கற்பித்து வருகிறேன். கீழே சொல்பவை அந்த அனுபவத்திலிருந்து வருபவை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அட்ரினோ என்பது குவால்காம் நிறுவனத்தின் வரிசை. கைப்பேசிகளுக்கான வரைகலைத் தொழில்நுட்பத்தை அந்நிறுவனம் 2009ஆம் ஆண்டு ஏஎம்டியிடமிருந்து 6.5 கோடி டாலருக்கு வாங்கி வளர்த்தெடுத்தது. மாலி, நார்வே நாட்டின் ஃபாலங்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் பிறந்து, 2006இல் ஆர்ம் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆர்ம் அந்த வடிவமைப்பை மீடியாடெக், சாம்சங், கூகுள் போன்ற பலருக்கும் உரிமம் கொடுத்து விற்றுவந்திருக்கிறது. ஆப்பிள் நெடுங்காலம் இமாஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பைப் பயன்படுத்திவிட்டு, 2017இல் வந்த ஏ11 சிப்பிலிருந்து தானே வடிவமைத்த ஜிபியூவுக்கு மாறியது. சாம்சங் 2022இல் எக்ஸினாஸ் 2200 சிப்பில் ஏஎம்டியின் ஆர்டிஎன்ஏ2 வடிவமைப்பைத் தழுவிய எக்ஸ்கிளிப்ஸ் என்ற ஜிபியூவை வைத்தது. ஒவ்வொரு வரிசையிலும் மிகக் குறைந்த விலைக் கைப்பேசிக்கான ஜிபியூவும் உண்டு, மிக உயர்ந்ததும் உண்டு. ஆகவே "அட்ரினோ நல்லது, மாலி மோசம்" என்பது குடும்பப் பெயரை வைத்து ஆளை மதிப்பிடும் பேச்சு. அதற்கு அடிப்படை இல்லை.

பெயருக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் ஓரளவு தகவல் தருகின்றன, முழுமையாக அல்ல. மாலியில் எம்சி4 அல்லது எம்பி4 என்று வருவது நான்கு கோர்கள் (தனித்தனிக் கணிப்புப் பகுதிகள்) இருப்பதைக் குறிக்கிறது. ஆறு கோர்கள் வரை இருந்தால் ஜி610 என்றும், ஏழும் அதற்கு மேலும் இருந்தால் ஜி710 என்றும் ஆர்ம் பெயரிட்டது; உள்ளே இருக்கும் கோர் ஒரே வடிவமைப்புதான். எனவே ஜி610 எம்சி4, ஜி610 எம்சி6 ஆகிய இரண்டும் பெயரளவில் ஒன்றாகத் தோன்றினாலும் ஒன்றரை மடங்கு வேறுபாடு கொண்டவை. அதற்கு மேல் கடிகார வேகமும் (சிப் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது) மாறும். வேறு தலைமுறை மாலிகளின் கோர் எண்ணிக்கையை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது, ஏனெனில் ஒரு கோர் ஒரு கடிகாரத் துடிப்பில் செய்யும் வேலையின் அளவே தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. அட்ரினோவில் கோர் எண்ணிக்கையைப் பெயரில் சொல்வதே இல்லை. அங்கே முதல் இலக்கம் தலைமுறையையும் இரண்டாவது இலக்கம் அந்தத் தலைமுறைக்குள் இருக்கும் படிநிலையையும் பொதுவாகக் குறிக்கின்றன; அதனால்தான் 710 என்ற எண் 642எல் என்ற எண்ணைவிடப் பெரிதாக இருந்தாலும் திறனும் அதே அளவு பெரிது என்று கொள்ள முடியாது. அட்ரினோ 619 என்ற ஒரே பெயர் ஸ்னாப்டிராகன் 480, 750ஜி, 695 ஆகிய மூன்று சிப்களிலும் இருக்கிறது. மூன்றிலும் கடிகார வேகம் ஒன்றல்ல. சிப்பின் தயாரிப்பு முறையைக் குறிக்க 4 நானோமீட்டர் என்று பெட்டியில் அச்சிடுவதையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் இரு சிப்களும் 4 நானோமீட்டர் என்றே விற்கப்படுகின்றன. ஆனால் அவற்றை வார்த்த தொழிற்சாலைகள் வேறு, ஒரே பெயரிட்ட இரண்டு தயாரிப்பு முறைகள் ஒரே அளவு மின்சாரம் குடிப்பதும் இல்லை.

அடுத்து, காகிதக் கணக்கு. சில தளங்கள் ஜிபியூக்களை கிகாஃபிளாப்ஸ் (நொடிக்கு எத்தனை நூறு கோடிக் கணக்குகள்) என்ற அளவில் வரிசைப்படுத்துகின்றன. அந்த எண்ணை யாரும் அளந்து பெறுவதில்லை, பெருக்கித்தான் பெறுகிறார்கள். நான்கு கோர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துடிப்புக்கு 64 பெருக்கல்-கூட்டல்கள், ஒவ்வொன்றையும் இரண்டு கணக்குகளாக எண்ணிக்கொள்வது, நொடிக்கு 100 கோடித் துடிப்புகள் என்று வைத்துக்கொண்டால் 512 கிகாஃபிளாப்ஸ் என்று வரும். இது எல்லாக் கணிப்பு அலகுகளும் ஒரு துடிப்பைக்கூட வீணாக்காமல் உழைத்தால் மட்டுமே கிடைக்கும் உச்ச வரம்பு. உண்மையான கேமில் அந்த அலகுகள் பெரும்பாலான நேரம் நினைவகத்திலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருக்கின்றன. மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல முடியாது என்பதை நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இடையில் இருக்கும் வாய்க்கால்தான் தீர்மானிக்கிறது. ஜிபியூவுக்கு அந்த வாய்க்கால், ரேமுக்கும் சிப்புக்கும் இடையிலான தரவுப் பாதை.

இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது பயன் தரும், ஏனெனில் கைப்பேசி ஜிபியூ கணினியின் ஜிபியூவிலிருந்து அடிப்படையில் வேறுபடுவது இங்கேதான். கணினியின் கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்று தனி நினைவகம் இருக்கிறது. கைப்பேசியில் சிபியூ (பொதுச் செயலி), கேமரா, திரை, ஜிபியூ எல்லாம் ஒரே ரேமைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நொடிக்கு ஒரு கிகாபைட் தரவை ரேமுக்கும் சிப்புக்கும் இடையே நகர்த்துவதற்கு ஏறத்தாழ 80 முதல் 100 மில்லிவாட் வரை செலவாகும் என்பது ஆர்ம் நிறுவனம் கேம் எழுதுவோருக்குச் சொல்லும் கணக்கு. அப்படியானால் நொடிக்குப் பத்து கிகாபைட் நகர்ந்தாலே ஏறத்தாழ ஒரு வாட் தரவுப் போக்குவரத்துக்கு மட்டும் போய்விடும். இதனால்தான் கைப்பேசி ஜிபியூக்கள் திரையை 16×16 அல்லது 32×32 பிக்சல் போன்ற சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கான வேலை முழுவதையும் சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்தில் முடித்து, முடிந்த படத்தை மட்டும் ரேமுக்கு அனுப்புகின்றன. மாலியும் பவர்விஆரும் எப்போதும் இந்த முறையில்தான் இயங்குகின்றன. அட்ரினோ காட்சிக்குத் தக்கபடி இந்த முறைக்கும் நேரடியாக வரையும் முறைக்கும் மாறிக்கொள்ளக்கூடியது. எந்த கேம் இந்தக் கட்டமைப்பை மதித்து எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே ஜிபியூ ஒரு கேமில் முந்தும், வேறொன்றில் பிந்தும். அதனால் ஒரு கேமில் கண்ட முடிவை எல்லா கேமுக்கும் நீட்டிக்க முடியாது.

உங்கள் இரு கைப்பேசிகளிலும் ரேம் எந்த வகை என்று பாருங்கள். அந்த இரு சிப்களும் எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 ஆகிய இரண்டு வகைகளையும் ஏற்கும். எதைப் பொருத்துவது என்பது கைப்பேசி நிறுவனத்தின் முடிவு. பாதையின் அகலம் 32 பிட் என்றால், 4266 வேகத்தில் எல்பிடிடிஆர்4எக்ஸ் நொடிக்கு 17 கிகாபைட் அளவும், 6400 வேகத்தில் எல்பிடிடிஆர்5 நொடிக்கு 25.6 கிகாபைட் அளவும் கொடுக்கும். எத்தனை ஜிபி ரேம் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வகை ரேம் என்பதை ஏறக்குறைய யாரும் கேட்பதில்லை. கேமுக்கு இரண்டாவது கேள்வியே முக்கியம்.

இனி பெஞ்ச்மார்க். நீங்கள் சொன்ன அன்டுடு எண், சிபியூ, ஜிபியூ, நினைவகம், பொதுவான இயக்கம் ஆகிய நான்கையும் கூட்டிய மொத்தம். மொத்தத்தை வைத்து ஜிபியூவை ஒப்பிடுவது, ஐந்து பாடங்களின் கூட்டு மதிப்பெண்ணைப் பார்த்து கணக்கில் யார் கெட்டிக்காரர் என்று சொல்வதற்குச் சமம். அன்டுடுவில் ஜிபியூவுக்கான பகுதி எண் தனியாகவே தரப்படுகிறது. அதை மட்டும் பாருங்கள். இரண்டு எண்களும் செயலியின் ஒரே பதிப்பில் எடுக்கப்பட்டவையா என்பதையும் பாருங்கள், ஏனெனில் பதிப்பு மாறும்போது மதிப்பிடும் முறையும் மாறுகிறது. ஒன்பதாம் பதிப்பின் எண்ணைப் பத்தாம் பதிப்பின் எண்ணோடு வைத்துப் பேசும் காணொலிகள் ஏராளமாக இருக்கின்றன.

ஜிபியூவுக்கு என்றே உள்ள சோதனைகளில் 3டிமார்க், ஜிஎஃப்எக்ஸ்பெஞ்ச் ஆகிய இரண்டையும் நான் மதிக்கிறேன். இவற்றில் கவனிக்க வேண்டிய வேறுபாடு, திரையில் வரைந்து அளப்பதா, திரைக்குப் பின்னால் ஒரு நிலையான அளவில் வரைந்து அளப்பதா என்பது. 720×1600 திரையில் ஏறத்தாழ 11.5 லட்சம் பிக்சல்கள். 1080×2400 திரையில் ஏறத்தாழ 25.9 லட்சம். சரியாக 2.25 மடங்கு. ஜிஎஃப்எக்ஸ்பெஞ்சில் திரையில் அளந்தால், பலவீனமான ஜிபியூ கொண்ட கைப்பேசி தன் சிறிய திரையின் தயவால் வலிமையானதாகத் தோன்றும். திரையின் புதுப்பிப்பு வேகமும் ஒரு தடுப்புச்சுவர்: 60 ஹெர்ட்ஸ் திரை (நொடிக்கு 60 முறை புதுப்பிப்பது) கொண்ட கைப்பேசியில் ஜிபியூ நொடிக்கு 100 பிரேம், அதாவது 100 படங்கள், வரைந்தாலும் 60தான் கணக்கில் வரும். ஜிபியூவை ஜிபியூவோடு ஒப்பிட வேண்டுமானால் ஜிஎஃப்எக்ஸ்பெஞ்சின் ஆஃப்ஸ்கிரீன் எண்ணையோ, 3டிமார்க்கின் அன்லிமிடெட் எண்ணையோ எடுத்துக்கொள்ளுங்கள்; இரண்டுமே திரைக்குப் பின்னால் அளந்தவை. கைப்பேசியைக் கைப்பேசியோடு ஒப்பிட வேண்டுமானால் திரையில் எடுத்த எண்ணே பொருத்தமானது, ஏனெனில் நீங்கள் விளையாடப்போவது அந்தத் திரையில்தான். இந்த இரண்டு கேள்விகளையும் கலந்துவிடுவதுதான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம். 3டிமார்க்கின் வைல்டு லைஃப் சோதனையில் வரும் எண்ணை 167ஆல் வகுத்தால் சராசரி பிரேம் வேகம் கிடைக்கும். 3340 என்றால் நொடிக்கு 20 பிரேம். அது 2560×1440 அளவில், கனமான ஒரு காட்சியை வரையும் வேகம். உங்கள் கேமின் வேகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒப்பிட மட்டுமே உதவும்.

இந்த எண்களிலும் நேர்மையின்மை புகுந்த வரலாறு பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. 2013இல் சாம்சங் கேலக்ஸி எஸ்4இன் ஒரு வகை, பெஞ்ச்மார்க் செயலிகளுக்கு மட்டும் ஜிபியூவை 533 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, மற்ற செயலிகளுக்கு 480ஓடு நிறுத்திக்கொண்டது கண்டறியப்பட்டது. 2018இல் ஹுவாவேயின் சில கைப்பேசிகள் சோதனைச் செயலியின் பெயரை அறிந்துகொண்டு வேகமெடுப்பது தெரியவந்ததால் 3டிமார்க் அவற்றைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. 2022இல் சாம்சங் கைப்பேசிகளில் கேம்களின் வேகத்தைக் கட்டுப்படுத்திய ஒரு மென்பொருள், பெஞ்ச்மார்க்குகளை மட்டும் கட்டுப்படுத்தாமல் விட்டது என்று தெரிந்தபோது கீக்பெஞ்ச் என்ற சோதனைச் செயலி பல கேலக்ஸி கைப்பேசிகளைப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆகவே ஒரே ஒரு சோதனையில், ஒரே ஒரு முறை எடுத்த எண்ணை யார் காட்டினாலும், எந்த நிறுவனத்தின் கைப்பேசியாக இருந்தாலும், நான் அதை ஏற்பதில்லை.

ஆனால் யாரும் ஏமாற்றாமலேயே எண் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. நம் பகுதியில் இருப்பவர்கள் மற்றவற்றைவிட இதை அதிகம் கவனிக்க வேண்டும். அது வெப்பம். கைப்பேசிக்குள் விசிறி இல்லை. உள்ளே பிறக்கும் வெப்பம் உடல் வழியாகவே காற்றுக்குப் போக வேண்டும். பொதுவாக ஒரு கைப்பேசி நெடுநேரம் தாங்கி வெளியேற்றக்கூடியது மூன்று, நான்கு வாட் அளவுதான். உயர்ரகச் சிப் ஒன்றின் ஜிபியூ உச்சத்தில் அதைவிட மிக அதிகமாகக் கேட்கும். கையைச் சுடாமல் இருக்க, மேற்பரப்பு 40 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் மென்பொருள் ஜிபியூவின் கடிகார வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். வைல்டு லைஃப் சோதனை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் வெப்பம் மேற்பரப்பை எட்டியே இருக்காது. நீங்கள் விளையாடுவதோ அரை மணி நேரம், ஒரு மணி நேரம்.

இதோடு அறையின் வெப்பநிலையைச் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் வெளியேறும் வேகம், கைப்பேசியின் மேற்பரப்புக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தது. மேற்பரப்பு வரம்பு 43 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். விமர்சனம் எழுதுபவரின் குளிரூட்டிய அறை 25 டிகிரி என்றால் வேறுபாடு 18. கத்திரி வெயில் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு, தளம் போட்ட வீட்டின் மாடி அறையில் 37 டிகிரி இருந்தால் வேறுபாடு வெறும் 6. தோராயமான கணக்கில் வெப்பம் வெளியேறும் திறன் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. துல்லியமான விகிதம் காற்றோட்டம், பின்புற உறை, பிடிக்கும் விதம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஆனால் எந்தத் திசையில் மாறும் என்பதில் ஐயமே இல்லை. ஒரே கைப்பேசியில் ஐப்பசி மழையில் ஒரு முடிவும் சித்திரை மதியத்தில் வேறொரு முடிவும் வருவதை என் மாணவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படும்படி அமர்வதும், கனமான ரப்பர் உறையைக் கழற்றிவிடுவதும், சார்ஜ் ஏற்றிக்கொண்டே விளையாடாமல் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தருகின்றன. மின்தடை வரும் என்ற பயத்தில் சார்ஜரைச் செருகியபடியே விளையாடும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. பேட்டரி சார்ஜ் ஆகும்போது பிறக்கும் வெப்பம், ஜிபியூவுக்கு இருந்த சிறு இடத்தையும் பறித்துக்கொள்கிறது.

எனவே நான் முதலில் பார்க்கச் சொல்வது 3டிமார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். அது அதே ஒரு நிமிடக் காட்சியை இருபது முறை தொடர்ந்து ஓட்டி, ஒவ்வொரு சுற்றின் எண்ணையும் கோட்டுப்படமாகக் காட்டும். முடிவில் நிலைத்தன்மை என்று ஒரு சதவீதம் வரும். அது மிகக் குறைந்த சுற்றை மிக உயர்ந்த சுற்றால் வகுத்தது. இந்தச் சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவதும் தவறான வழி. 10,000இல் தொடங்கி 60 சதவீதத்துக்கு இறங்கும் ஜிபியூ 6,000இல் நிற்கிறது. 3,000இல் தொடங்கி 99 சதவீதம் தாங்கும் ஜிபியூ 2,970இல் நிற்கிறது. சதவீதம் இரண்டாவதைப் புகழ்ந்தாலும், இருபதாம் நிமிடத்திலும் முதலாவதே இரு மடங்கு வேகம் கொண்டது. கடைசிச் சுற்றின் எண்ணே ஒப்பிட வேண்டிய எண். நடுத்தர விலைச் சிப்கள் பெரும்பாலும் நல்ல நிலைத்தன்மை காட்டுவதற்குக் காரணம், அவை தொடக்கத்திலேயே குறைந்த வாட்டில் ஓடுவதுதான்.

கடைக்காரரின் "மாலி சூடாகிவிடும்" என்ற பேச்சு வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. மாலி பொருத்திய சில சிப்கள் ஒரு காலத்தில் உச்ச எண்ணுக்காக அதிக வேகத்தில் ஓட்டப்பட்டு விரைவில் தளர்ந்தன. அதே குறை அட்ரினோ பொருத்திய சில சிப்களிலும் இருந்தது. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். செலவாகும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், கடைசிப் பத்து சதவீத வேகத்துக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது. இது வடிவமைப்பின் பெயரைச் சார்ந்த குணம் இல்லை. சிப் செய்தவர் எந்த வேகத்தில் ஓட்டத் தீர்மானித்தார், கைப்பேசி செய்தவர் வெப்பத்தைப் பரப்ப உள்ளே என்ன வைத்தார் என்பவற்றைச் சார்ந்தது. ஒரே சிப் கொண்ட இரண்டு கைப்பேசிகள் அரை மணி நேரத்துக்குப் பின் தெளிவாக வேறுபடுவதை எந்தச் சோதனைக்கூடத்திலும் காணலாம்.

பிரேம் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். நொடிக்கு 60 பிரேம் என்பது ஒவ்வொரு பிரேமும் 16.7 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும் என்று பொருள். சராசரி 58 என்று காட்டும் ஒரு கைப்பேசியில், பெரும்பாலான பிரேம்கள் நேரத்துக்கு வந்து, எதிரி திடீரென்று முன்னால் வரும் கணத்தில் மட்டும் ஒரு பிரேம் 80 மில்லி நொடி எடுத்துக்கொண்டால், சராசரி அதை மறைத்துவிடும். உங்கள் கை அதை உணரும். ஆகவே சராசரியோடு, மிக மெதுவான ஒரு சதவீத பிரேம்களின் வேகத்தையும் தரும் விமர்சனங்களைத் தேடுங்கள். சீராக வரும் 40 பிரேம், ஏறி இறங்கும் 60ஐவிடக் கண்ணுக்கு இதமானது; அதுவும் 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு பிரேமும் சரியாக மூன்று புதுப்பிப்புகளுக்கு நிற்கும், 60 ஹெர்ட்ஸ் திரையிலோ ஒன்றரை என்று கணக்கு இடித்துக்கொண்டு தடுமாறும். சில கைப்பேசிகள் இடையிடையே செயற்கையான பிரேம்களைச் செருகி எண்ணை உயர்த்திக் காட்டுகின்றன. படம் வழுக்கிக்கொண்டு போவது உண்மை. ஆனால் உங்கள் விரல் தொட்டதற்கு கேம் பதில் சொல்லும் வேகம் அதனால் கூடுவதில்லை. அந்த எண்ணை ஜிபியூவின் திறனாக எண்ண வேண்டாம்.

ஜிபியூவின் மேல் சுமத்தப்படும் பல குறைகள் ஜிபியூவுடையவை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிஜிஎம்ஐ போன்ற கேமில் படத்தரத்தை ஸ்மூத் என்ற கீழ்நிலையில் வைத்து விளையாடும்போது ஜிபியூ பெரும்பாலும் ஓய்வாகவே இருக்கும், சிபியூதான் திணறும். ஜிபியூ வலிமையாக இருந்தும் 90 பிரேம் என்ற தேர்வு கேமில் தெரியாமல் போவதற்குக் காரணம், எந்தக் கைப்பேசிக்கு எந்த வேகத்தைத் திறப்பது என்பதை கேம் நிறுவனமே முடிவு செய்வது. மற்றொன்று சிக்னல். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து என்னிடம் பேசும் மாணவர்கள் பலர், எதிரி ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவதை ஜிபியூவின் குறை என்கிறார்கள். நீங்கள் திரையை விரலால் சுழற்றும்போது காட்சி சீராகச் சுழன்று, மற்ற ஆட்கள் மட்டும் தாவினால் அது நெட்வொர்க் தாமதம். காட்சியே விட்டு விட்டுச் சுழன்றால்தான் ஜிபியூவையோ சிபியூவையோ சந்தேகிக்க வேண்டும். புதிய கைப்பேசி வாங்கும் முன் இந்த ஒன்றைச் செய்து பார்த்திருந்தால் சிலருக்குப் பணம் மிச்சமாகியிருக்கும்.

டிரைவர் என்ற மென்பொருளைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவது என் தொழிலின் பழக்கம் என்று கொள்ளுங்கள். கேம் கொடுக்கும் கட்டளையை ஜிபியூவுக்குப் புரியும் மொழிக்கு மாற்றுவது டிரைவர்தான். அது நன்றாக இருந்தால் அதே சிப் வேகமாகும்; அதில் பிழை இருந்தால் நிழல்கள் சிதறும், கேம் நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் கைப்பேசி நிறுவனம் அனுப்பும் அப்டேட்டோடுதான் புதிய டிரைவர் வரும். எத்தனை ஆண்டுகள் அப்டேட் தருவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது என்பதும் ஜிபியூவின் ஆயுளில் சேர்த்தி. பழைய கணினி, கன்சோல் கேம்களை எமுலேட்டரில் (வேறு கருவியைப் போல நடிக்கும் மென்பொருளில்) ஓட்டுவது உங்கள் நோக்கமாக இருந்தால் மட்டும் அட்ரினோவுக்கு ஒரு தெளிவான சாதகம் இருக்கிறது. டர்னிப் என்ற திறந்த மூல டிரைவர் (வல்கன் என்ற வரைகலைக் கட்டளை முறைக்கானது) அட்ரினோவின் பல மாடல்களுக்கு நன்கு முதிர்ந்திருக்கிறது, பல எமுலேட்டர்களில் அதைத் தனியாக ஏற்றிக்கொள்ளவும் முடிகிறது. மாலிக்கும் அத்தகைய முயற்சி நடக்கிறது; ஆனால் எமுலேட்டர் பயன்படுத்துவோரிடையே அது இன்னும் அந்த அளவுக்குப் பரவவில்லை. "கேம் என்றால் அட்ரினோ" என்ற பேச்சு ஊன்றிப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இப்போது உங்கள் இரண்டு கைப்பேசிகளுக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது: வரைகலைச் சோதனைகளில் மாலி-ஜி610 எம்சி4, அட்ரினோ 710ஐவிட முன்னிலையில்தான் இருக்கிறது, கடைக்காரரின் பொது விதி இந்த இணைக்குப் பொருந்தாது. ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது: இரண்டுமே உயர்ரகச் சிப்களைப் போல அதிக வாட் கேட்பவை இல்லை என்பதால், இருபது நிமிடத்துக்குப் பின்னும் அந்த வரிசை மாறாமல் இருக்கும் வாய்ப்பே அதிகம். வெளியிலிருந்து சொல்ல முடியாதது: அந்தக் குறிப்பிட்ட இரண்டு கைப்பேசிகளின் கட்டமைப்பு, வெப்பத்தை எப்படிக் கையாள்கிறது என்பதும், நீங்கள் விளையாடும் கேமின் அடுத்த பதிப்பு எந்த டிரைவரோடு ஒத்துப்போகும் என்பதும். முதலாவதைச் சோதித்து அறியலாம். இரண்டாவதை யாராலும் அறிய முடியாது. ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) வசதி இருக்கிறதா என்ற கேள்வியை இந்த விலையில் முழுவதுமாக விட்டுவிடுங்கள்.

கடையில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்ட விடமாட்டார்கள் என்பது தெரியும். அந்த மாடல்களை வைத்திருக்கும் நண்பர்கள் மன்னார்குடியிலோ திருவாரூரிலோ இருப்பார்கள். இரண்டு கைப்பேசிகளையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், உறையைக் கழற்றி, பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் வைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, திரை வெளிச்சத்தைச் சமமாக்கி, பவர் சேவர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மேசைமேல் வைத்து வைல்டு லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்டை ஓட்டுங்கள். முடிந்ததும் கைப்பேசி முழுமையாகக் குளிரும்வரை காத்திருந்து இன்னொரு முறை ஓட்டுங்கள்; இரண்டு முறையும் கடைசிச் சுற்றின் எண் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் அதை நம்பலாம், வராவிட்டால் மூன்றாம் முறையும் தேவை. இரண்டு கைப்பேசிகளின் கடைசிச் சுற்று எண்களுக்கு இடையே பத்து சதவீதத்துக்கும் குறைவான வேறுபாடு இருந்தால் அதைக் கண்ணால் உணர முடியாது என்று கொண்டு, ரேம் வகையையும் அப்டேட் ஆண்டுகளையும் வைத்து முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் இருந்தால், அதிக எண் காட்டுவதை வாங்குங்கள். எமுலேட்டர் உங்கள் முதல் தேவை என்றால் மட்டும் இந்தக் கணக்கு எதையும் பார்க்காமல், டர்னிப் அட்ரினோ 710இல் ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொண்டு அட்ரினோ உள்ளதையே எடுத்துக்கொள்ளலாம். எண்களை இங்கே பதிவிட்டால், அறை வெப்பநிலையையும் உடன் எழுதுங்கள். அது இல்லாமல் அந்தக் கோட்டுப்படத்தை என்னால் சரியாகப் படித்துச் சொல்ல முடியாது.